முகாம் வீட்டுக் காகிதப் பை: புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் குடும்பக் காகிதங்களைப் போட்டு வைத்திருப்பது ஒரு துணிக்கடைப் பை. பரணில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும். மழை வலுத்து ஒழுக ஆரம்பித்தால் அம்மா முதலில் இறக்குவது அதைத்தான்; துணிமணி, பாத்திரமெல்லாம் அப்புறம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று, படகில் வந்து இறங்கியவர்களைப் பதியும் மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு, குடும்ப அட்டையின் மங்கிப்போன நகல்கள், எப்போதோ எழுதிய மனுக்கள் எல்லாம் அதற்குள் கிடக்கும். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பை என் கைக்கு வந்தது. எந்தக் காகிதம் எதற்கு என்று பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம். தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்து இப்போது வீட்டு வேலைகளைக் கையில் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், முகாமுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கும், உதவ வரும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு இங்கே கிடைத்த உதவியெல்லாம் அரசாணை வழியாக வந்தது. அரசாணை எப்போதும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் வேலை செய்யும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா, இன்றைய நிலவரப்படி இருக்கிறதா? கீழே சொல்லப்போவதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த மூன்று கேள்விக்குத்தான் வரும்.

முதல் வேலை: எந்தப் பதிவில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

1983 முதல் 2010 வரை நான்கு கட்டமாக 3,04,269 பேர் வந்ததாக அரசுக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் திரும்பியோ வேறு நாட்டுக்கோ போய்விட்டார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு சொந்தச் செலவில் வாழ்பவர்கள் 34,087 பேர்.

இந்த இரண்டு பதிவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாதப் பணக்கொடை (அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவிப் பணம்), அரிசி, வீடு இவையெல்லாம் முகாம் பதிவுக்காரர்களுக்கு. வெளிப்பதிவில் இருப்பவர்களுக்குத் தங்க அனுமதி உண்டு, பணக்கொடை கிடையாது. முகாமிலிருந்து வெளிப்பதிவுக்கு மாறுவது சுலபமாகத் தெரியும். திரும்பி வருவது அப்படியல்ல. சென்னையில் வேலை கிடைத்த உற்சாகத்தில் மாற்றிக்கொண்டு, பிறகு அப்பா அம்மாவுக்கு வயதானதும் முகாமுக்கு வர முடியாமல் தவித்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பெயரை எடுக்குமுன் இரண்டு மாதமாவது யோசியுங்கள்.

மூன்றாவதாக ஒரு நிலையும் இருக்கிறது. 2022 மார்ச்சிலிருந்து, இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல், தனுஷ்கோடிக் கரையிலும் கடலுக்கு நடுவே உள்ள மணல் தீடைகளிலும் (திட்டுகளிலும்) வந்து இறங்கியவர்கள். மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சாப்பாடும் இருப்பிடமும் கொடுத்தார்கள். ஆனால் பழைய பதிவுக்காரர்களுக்குள்ள அந்தஸ்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் உறவினர் யாராவது இப்படி வந்திருந்தால், “நம்ம அட்டையில் சேர்த்துவிடலாம்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள்.

இரண்டாவது: பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

இது சின்ன வேலையாகத் தெரியும். என் அனுபவத்தில் பாதித் தலைவலி இங்கேதான்.

இலங்கையில் அப்பா பெயர் முன்னால் வரும், தன் பெயர் பின்னால். கந்தசாமி ரவீந்திரன் என்றால் ஆளின் பெயர் ரவீந்திரன். இங்கே பள்ளிக்கூடத்தில் அதை கே. ரவீந்திரன் ஆக்குவார்கள். ஆதாரில் ரவீந்திரன் கே. வங்கியில் யாரோ ஒரு பிள்ளை கந்தசாமி என்பதை மட்டும் பெயராக ஏற்றியிருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டல் இன்னொரு கூத்து: ஒரு அட்டையில் இரட்டை ‘ஈ’, இன்னொன்றில் ஒற்றை ‘ஐ’. நாலு காகிதத்தில் நாலு ஆள்! எங்கள் குடும்ப அட்டையில் அக்காவின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. எழுதியவர் யார் என்று தெரியாது. கல்லூரி உதவித்தொகை வரும்போது அந்த ஓர் எழுத்துக்காக ஆறு நடை நடந்தோம்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை எழுதுங்கள். எதிரே பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறது என்று அப்படியே பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. வேறுபடும் இடத்தில் சிவப்பு வட்டம். அப்புறம் பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்திக்கொண்டு வாருங்கள். ஆதாரை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பிறப்புச் சான்றிதழைத் தேடினால் இரண்டு தடவை அலைய வேண்டும்.

இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டிவரும். குழந்தை பெயரில்லாமல் பதிவாகியிருந்தால் 15 வயது வரை பெயரைச் சேர்க்க வழி உண்டு, பிந்தினால் கொஞ்சம் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்பார்கள் என்று சட்டமே மாறிவிட்டது. ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இலங்கையில் பிறந்த பெரியவர்களின் சான்றிதழ் தொலைந்திருந்தால், அங்கேயுள்ள சொந்தக்காரர் யாராவது பிரதேச செயலகத்தில் சான்றுப் பிரதி எடுத்து அனுப்பலாம். அப்பா எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தார், எந்தப் பதிவாளர் பிரிவு என்று பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். “அது வவுனியாப் பக்கம் எங்கேயோ” என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது: செக்கிங் நாளும் பணக்கொடையும்

வருவாய்த் துறையின் முகாம் ஆய்வாளரும் கியூ பிரிவு போலீசாரும் (முகாம்களைக் கண்காணிக்கும் தமிழ்நாடு காவல் துறையின் உளவுப் பிரிவு) வந்து ஆளைப் பார்த்துச் சரிபார்ப்பதுதான் செக்கிங். குடும்ப அட்டையில் உள்ள எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் பெயின்ட் வேலைக்குப் போனவர்கள் அதற்காக ராத்திரி பஸ் பிடித்து வருவார்கள். (நம் ஆட்களில் பாதிப் பேர் ஏன் பெயின்டர் என்று கேட்டால், எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரக்கூடிய வேலை அது என்பதும் ஒரு காரணம்.)

வர முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மருத்துவமனையில் இருந்தால் அனுமதிச் சீட்டின் நகல், படிக்கப் போயிருந்தால் கல்லூரியின் சான்று. வாய்வார்த்தையாக “சொல்லிட்டேன் சார்” என்பது பதிவேட்டில் ஏறாது. ஒரு முறை தவறினால் அந்த ஆளின் பணம் நிற்கும். தொடர்ந்து தவறினால் பெயரே போகும். போன பெயரை மறுபடி சேர்ப்பது மாவட்டத்தைத் தாண்டி மேலே போகிற வேலை.

பணக்கொடைக் கணக்கு இது. 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தபோது உயர்த்திய தொகை: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, 15 வயதில் ஒன்று, 9 வயதில் ஒன்று என்றால் மாதம் 4,000 ரூபாய் வர வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு 12 முடிந்த மாதம் தானாக மாறும் என்று காத்திருக்காமல் பிறப்புச் சான்றிதழ் நகலோடு எழுதிக் கொடுங்கள். குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், துக்கத்தோடு துக்கமாக, தலைவர் பெயரை மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். இதை யாரும் அந்த நேரத்தில் நினைவுபடுத்த மாட்டார்கள்.

‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியதும் அதே மாதத்தில்தான். மனுவில் புதுப் பெயரையே எழுதுங்கள்.

நான்காவது: மற்ற உதவிகள்

அரிசி நியாயவிலைக் கடையில் விலையில்லாமல். அளவு பெரியவருக்கு மாதம் 12 கிலோ, 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 6 கிலோ. இங்கேயும் வயது மாறும்போது அளவு மாறும்.

எரிவாயு இணைப்பு இலவசம். வருடம் ஐந்து சிலிண்டர் வரை, ஒவ்வொன்றுக்கும் 400 ரூபாய் மானியம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம் குடும்பங்களுக்கு வருமானச் சான்று கேட்பதில்லை. பலர் நோய் வந்த பிறகுதான் காப்பீட்டு அட்டைக்கு ஓடுகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது போய் எடுங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் முகாம் குடும்பத் தலைவிகளுக்கும் உண்டு. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

படிப்பு விஷயம் கொஞ்சம் நிதானமாக. பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் புத்தகம், சீருடை, சத்துணவு, பஸ் பாஸ் எல்லாம் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். கல்லூரிக்கு உதவித்தொகை உண்டு, பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு தொகை மாறும். 2021 அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்கும், வேளாண்மையில் முதல் 5 பேருக்கும், முதுநிலை படிக்கும் எல்லோருக்கும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்க முகாம் பிள்ளைக்குத் தடையாக இருந்தது பணம் என்றால் அந்தத் தடை இப்போது இல்லை. ஆனால் “வேலை கிடைக்காதே, எதுக்குப் படிக்கணும்” என்று பத்தாம் வகுப்போடு நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குடியுரிமை கேட்கும் அரசு வேலைக்கு நம்மால் போக முடியாதுதான். தனியார் கம்பெனிகள் நம் பிள்ளைகளை எடுக்கின்றன. கல்லூரியில் சேரும்போதே முகாம் சான்று வாங்கிக்கொடுங்கள், வருடக் கடைசியில் ஓட வேண்டாம்.

வீடு. 7,469 புது வீடுகள் கட்டுவது என்று முடிவாகி, 2021 நவம்பர் 2 அன்று வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டினார்கள். திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன; அடுத்த ஆண்டு செப்டம்பரில் 13 மாவட்டங்களில் 1,591 வீடுகள். தார்ச் சீட்டுக் கூரையில், பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவர்களுக்கு 300 சதுர அடி என்பது அரண்மனை. ஒதுக்கீடு குடும்ப அட்டைக் கணக்கில்தான் நடக்கும். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற மகன் இன்னும் அப்பா அட்டையிலேயே இருந்தால் கணக்கில் அது ஒரே குடும்பம். உங்கள் முகாமில் வீடு கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டால், அளக்க வருவதற்கு முன்பே அட்டையைப் பிரிக்க மனுக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் பட்டா கிடையாது. விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது.

ஐந்தாவது: ஒன்று நின்றுபோனால்

முதலில் முகாம் தலைவரிடமும் ஆய்வாளரிடமும் கேளுங்கள். பாதி விஷயம் அங்கேயே தீரும். தீரவில்லை என்றால் மறுவாழ்வுத் தனி வட்டாட்சியர், அப்புறம் மாவட்ட ஆட்சியர். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைப் பதிந்து எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கொடுப்பார்கள். 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்கும் சொல்லலாம். கடைசியாகச் சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் இருக்கும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம். ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பினால் “அங்கே கொடுத்திருக்கீங்களே” என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். படி படியாகப் போங்கள்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். 1990-இல் படகில் வந்த கதையிலிருந்து ஆரம்பித்தால் கேட்க வந்த விஷயம் மூன்றாம் பக்கத்தில் வரும். அதுவரை யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: “எங்கள் குடும்ப எண் இது. என் தாயார் மார்ச் மாதச் செக்கிங்கின்போது மருத்துவமனையில் இருந்ததால் வர இயலவில்லை. அனுமதிச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன். நிறுத்தப்பட்ட பணக்கொடையை மீண்டும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” அவ்வளவுதான். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அசலை எங்கேயும் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது இந்தியக் குடிமக்களுக்கான உரிமை. உங்கள் பெயரில் போட்டால் அதைக் காரணம் காட்டித் திருப்பலாம். குடும்பத்தில் இந்தியக் குடிமகன் இருந்தால் அவர் பெயரில், இல்லையென்றால் தெரிந்த வழக்கறிஞர் மூலம் போடுங்கள்.

ஆறாவது: குடியுரிமை என்று யாராவது பேசினால்

பிறந்த தேதியைப் பாருங்கள். இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 83, 84-இல் வந்த குடும்பங்களில் இப்படிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது. 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022-இல் இந்தியக் கடவுச்சீட்டு பெறும் உத்தரவை வாங்கினார். 1987 ஜூலை முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் (சி.ஏ.ஏ.) இலங்கை சேர்க்கப்படவில்லை. அதன் பெயரைச் சொல்லிப் படிவம் விற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். இதைக் குடியுரிமை என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். அது விலக்கு மட்டுமே. ‘பதிவு செய்துகொண்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்டபத்துச் சீட்டை அம்மா ஏன் பரணில் வைத்திருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஏழாவது: ஊருக்குத் திரும்ப நினைத்தால்

படகு வேண்டவே வேண்டாம். அங்கே போய் இறங்கியதும் வழக்கு, இங்கே பெயர் நீக்கம்.

முறையான வழியில் முதல் இடம் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பையும் இலங்கைக் குடியுரிமையையும் அங்கே பதிய வேண்டும். அதற்கு பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் பெயர் பொருந்தி இருக்க வேண்டும். கோவில் கல்யாணம் செய்து பதியாமல் விட்ட தம்பதிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் காகிதங்களைச் சேர்க்க ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினர் பல வருடமாக உதவி வருகிறார்கள். பிறகு இந்திய அரசின் வெளியேறும் அனுமதி. விமானச் சீட்டுக்கும் ஆரம்பச் செலவுக்கும் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரின் சென்னை அலுவலகம் உதவி செய்து வந்திருக்கிறது. இப்போது என்ன நிலவரம் என்று கிளம்பும் யோசனை வந்தவுடனே கேட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் வேண்டாம்.

அங்கே போனதும் கிராம சேவையாளரிடம் பதிந்து, 15 வயதானவர்களுக்குத் தேசிய அடையாள அட்டைக்கு எழுத வேண்டும். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் இங்கேயே, பள்ளி விடுமுறைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் தலைமையாசிரியர் ஊரில் இருக்க மாட்டார்.